கடல் கடந்தவனின் காகிதங்கள்

பாகூர் கொம்யூனில், கிருமாம்பாக்கத்தை விட்டுக் கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் பனித்திட்டு என்னும் மீனவர் சிற்றூரை அடையலாம். சென்ற கோடையில், பங்கு நண்பர் ஒருவர் அழைத்ததன் பேரில் நாம் அங்குச் சென்றிருந்தோம். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நடப்பில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலம் அது. கரையேற்றிய படகுகளின் நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களிடையே நாமும் சற்றே அமர்ந்தோம். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். “பிள்ளைகள் எங்கே?” என்று வினவினோம். “ஒருத்தன் பஹ்ரைன், ஒருத்தன் துபாய், சின்னவன் கம்பெனி வேலைக்குப் போறான்” என்று வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு பெரியவர் விடையிறுத்தார். ஏதோ பக்கத்துத் தெருவைச் சொல்வது போல அவர் பஹ்ரைனைச் சொன்னது நம் மனத்தில் தங்கிவிட்டது.

அன்று நாம் இரண்டு வீடுகளுக்குச் சென்றோம். இரண்டிற்கும் இடையே நான்கு வாசல் தூரம்தான் இருக்கும். இரு வீட்டுத் தலைவர்களும் வளைகுடா நாடுகளில் இருக்கின்றனர். இருவரும் கடன் வாங்கியே சென்றனர். இருவருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு.

முதல் வீட்டுப் பெண்மணி, பேச்சுக்கிடையே எழுந்து சென்று, தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். கணவரின் பாஸ்போர்ட் நகல், விசா நகல், சம்பளமும் வேலை நேரமும் குறித்த ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், முதலாளியின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு தாள் ஆகிய அனைத்தும் அதற்குள் அடுக்கப்பட்டிருந்தன. “எங்க வீட்டுக்காரர் பொறப்படறப்ப இத என் கையில கொடுத்து, ‘இதுதான் நானு, பத்திரமா வச்சுக்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு, ஐயா” என்றார்.

இரண்டாம் வீட்டில் அத்தகைய உறை எதுவும் இல்லை. ஒரு கைப்பேசியும் அதனுள் ஓர் எண்ணும் இருந்தன. நான்கு மாதங்களாக அந்த எண் ஒலிக்கவில்லை. “முதல்ல விசிட்டுல போ, அங்க போனதும் வேலை விசாவா மாத்திக் கொடுத்துடலாம்” என்று ஊருக்கு வந்த ஏஜெண்டு ஒருவர் கூறியதை நம்பி, மனைவியின் நகையை அடகு வைத்து அந்த மனிதர் சென்றிருக்கிறார். எந்த ஊரில் தங்கியிருக்கிறார், யாரிடம் வேலை செய்கிறார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. வாசற்படியில் அமர்ந்திருந்த அவருடைய தாயார் நம்மிடம் எதுவும் பேசவில்லை. நாம் விடைபெறும்போது மட்டும், “ஐயா, எம் புள்ள சாப்புட்டானான்னு மட்டும் யாராச்சும் கேட்டுச் சொல்ல முடியுமா?” என்றார்.

திரும்பும் வழியில் நண்பர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். “இரண்டு வீட்டிலும் தகப்பன் இல்லை, இரண்டு பெண்களும் தனித்தே வாழ்கிறார்கள். சட்டப்படி போனால் என்ன, வேறு வழியில் போனால் என்ன? குடும்பத்துக்கு ஒரே இழப்புத்தானே?” இவ்விதழின் வாசகர்களும் இதே வினாவை வேறு சொற்களில் நமக்கு எழுதியதுண்டு. வெளிநாட்டு வேலை நல்லதா கெட்டதா என்னும் பட்டிமன்றத்தில் நாம் இறங்கப் போவதில்லை. அடுப்பெரிய வேண்டிய வீட்டில் அந்த விவாதத்திற்கு இடமில்லை. போகின்ற வழி, போகாமல் வீட்டிலிருப்பவர்களை எப்படித் தாக்குகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

சட்ட வழி எதுவென்று முதலில் தெளிவோம். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரைக் காக்கும்பொருட்டு 1983-இல் நம் நாட்டில் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு வழங்கப்படும் பாஸ்போர்ட்டில், குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு இருக்கும். அத்தகையோர் சவூதி அரேபியா, குவைத், ஓமன், கத்தார், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா முதலாக அரசு குறித்துள்ள நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். நம் பகுதியினருக்கு அவ்வலுவலகம் சென்னையில் உள்ளது. அயல்நாட்டு முதலாளியின் பெயரும் ஒப்பந்தமும் இ-மைகிரேட் என்னும் அரசின் கணினிப் பதிவில் ஏறிய பிறகே அனுமதி கிடைக்கும். ஆள் சேர்ப்பவர் அரசிடம் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். தம் சேவைக்கு அவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். செல்பவர் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீட்டையும் எடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு அதன் கட்டணம் 275 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் நேர்ந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

275 ரூபாய் என்பது ஒரு நல்ல வஞ்சிர மீன் துண்டின் விலைகூட இராது. அந்தத் தொகையை எண்ணிப் பார்த்து எவரும் சட்ட வழியைத் தவிர்ப்பதில்லை. அப்படியானால் தவிர்ப்பது ஏன்?

காத்திருக்க முடியாமைதான் முதற் காரணம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது, “அடுத்த வாரமே விமானம்” என்பவனின் சொல் இனிக்கிறது. ஆவணங்கள் சரிபார்க்கப்படும் வரை பொறுக்குமாறு சொல்பவனின் சொல் கசக்கிறது. முன்பே அங்குப் போன உறவினர் ஒருவர் “நானும் அப்படித்தான் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று கூறுவதும் ஒரு காரணம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையே. விசிட் விசாவில் சென்று நல்ல வேலையில் அமர்ந்தவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஏஜெண்டுகளின் வணிகம் அந்தச் சிலரைக் காட்டியே நடைபெறுகிறது.

ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த மனிதர் யார் என்று பாருங்கள். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துச் சென்றவர் அவர். ஆகவே நம் அரசின் பதிவில் அவர் தொழிலாளி அல்லர். அவருக்கு ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, முதலாளி இன்னார் என்ற குறிப்பும் இல்லை. அந்நாட்டின் பதிவிலோ அவர் வந்து போகும் விருந்தினர். குறித்த நாள் கழிந்த மறுநாளே விருந்தினர் குற்றவாளி ஆகிறார். அமீரகத்தில், விசாக் காலம் முடிந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் தண்டம் ஏறிக்கொண்டே போகும். மாதம் 1,500 திர்ஹம்! எளிய வேலைக்குச் செல்பவர் பலருக்கு அதுவே ஒரு மாதச் சம்பளம். உழைத்துச் சேர்ப்பதைவிட விரைவாகத் தண்டம் சேர்கிறது. வீடு திரும்ப வேண்டுமென்றால் அதைக் கட்ட வேண்டும், கட்டப் பணமில்லை, ஆகவே திரும்புவதில்லை. திரும்பாத ஒவ்வொரு நாளும் தண்டத்தை மேலும் கூட்டுகிறது. கருவாட்டுக் கூடைக்குள் தலையை விட்ட பூனையின் நிலைதான்.

இத்தகையவர் சம்பளம் தரப்படாவிட்டால் யாரிடம் முறையிடுவார்? அமீரகத்தில் சம்பளத்தை வங்கி வழியாகவே வழங்கச் செய்து அரசு கண்காணிக்கும் முறை 2009 முதல் இருந்து வருகிறது. ஆயினும் அது பதிவில் உள்ள தொழிலாளிக்கு மட்டுமே துணை நிற்கும். கை ஒடிந்தால் மருத்துவமனைக்குச் செல்லவும் அஞ்சுகிறார். தெருவில் காவலரைக் கண்டால் வேறு சந்தில் திரும்புகிறார். இந்த அச்சத்தைத் தொலைபேசியில் மனைவியிடம் சொல்ல எந்த ஆண்மகனுக்கு நா எழும்? “நல்லா இருக்கேன், அடுத்த மாசம் அனுப்புறேன்” என்கிறார். அடுத்த மாதமும் அதையே சொல்ல நேரிடுகிறது. பின்னர், சொல்ல ஒன்றுமில்லாமல், கூப்பிடுவதையே நிறுத்திவிடுகிறார். கடல் கடந்து போய் மறந்துவிட்டான் என்று ஊரார் கூறும் பல கதைகளுக்குப் பின்னே வேறொரு பெண்ணோ வேறொரு குடும்பமோ இருப்பதில்லை, வெட்கம்தான் இருக்கிறது. இதை நம் வாசகப் பெண்கள் சற்றே நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

பொது மன்னிப்பு என்று சில நாடுகள் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. குவைத் 2018-இலும் 2020-இலும் அறிவித்தது. அமீரகம் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை, தண்டமின்றி வெளியேறவோ தங்கள் நிலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளவோ வாய்ப்பளித்தது. பனித்திட்டில் நாம் பார்த்த இரண்டாம் வீட்டுக்காரருக்கு அச்செய்தி எட்டாமல் இல்லை. “போனா புடிச்சுப்பாங்கன்னு பயந்துட்டாரு” என்றார் அவர் மனைவி. ஒளிந்து வாழப் பழகியவனுக்குத் திறந்த கதவும் பொறியாகவே தோன்றும் போலும்.

நம் வட்டாரத்தில் துபாய்க்கு விசிட் விசா என்றால், வேறு சில ஊர்களில் இளைஞர்களைத் தாய்லாந்துக்கு அழைக்கிறார்கள். கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று கூறிச் சுற்றுலா விசாவில் அழைத்துச் சென்று, அங்கிருந்து எல்லையைக் கடத்தி மியான்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்திய கொடுமை 2022-இல் வெளிப்பட்டது. தமிழகத்து இளைஞர்களும் அதிலிருந்து மீட்கப்பட்டு அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். இவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்லர். ஆதலால் இது பாமரரின் அறியாமையால் விளைவது என்று நகரத்து வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி மறுபக்கம். சட்டப்படி போனால் துன்பமே இல்லை என்று நாம் எழுதினால் முதல் வீட்டுப் பெண்மணியே நம்மைக் கண்டிப்பார்.

பஹ்ரைனிலும் மற்ற வளைகுடாக் கரைகளிலும் நம்மவர் வேலை செய்யும் மீன்பிடிப் படகுகளில், ஒப்பந்தத்தில் சம்பளம் என்று எழுதியிருந்தாலும், பிடித்த மீனில் பங்கு என்ற வழக்கமே பெரும்பாலும் நிலவுகிறது. மீன் இல்லாத மாதம் பங்கும் இல்லை. காற்று அடித்துச் சென்ற இடத்தில் வேறு நாட்டின் கடல் எல்லை குறுக்கிட்டால் சிறைதான். 2012 ஜூலை 16 அன்று துபாயின் ஜெபல் அலி துறைமுகத்திற்கு அப்பால், அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று, தன்னை நெருங்கிய சிறு மீன்பிடிப் படகைப் பகையென எண்ணிச் சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் உயிரிழந்தார்; மூவர் காயமுற்றனர். பிழைப்புக்காக வலை வீசச் சென்றவர்கள் அவர்கள். 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் தங்கிய அடுக்குமாடி தீப்பற்றியபோது நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவர்களுள் எழுவர் தமிழகத்தினர். முறையான வேலையில் இருந்தும் அத்தனைப் பேரை ஒரே கட்டடத்தில் நெருக்கி அடைத்து வைத்திருந்தார்கள்.

ஆயினும் அந்தக் கொடுந்துயரில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தீப்பற்றிய இரண்டாம் நாளே, ஜூன் 14 அன்று, விமானப்படை விமானம் 45 உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இறந்தவர் யார், எந்த நிறுவனத்தில் வேலை, எந்த ஊர், எந்த வீடு என்று கண்டறியக் கையில் ஆதாரம் இருந்தது. பெற்றவளும் மனைவியும் முகம் பார்த்துப் புதைக்கவோ எரிக்கவோ முடிந்தது. இதுவும் ஒரு பேறா என்று கேட்பீர்கள். அந்நிய மண்ணில் அடையாளம் தெரியாத உடலாகப் பிணவறையில் கிடப்பவனின் மனைவியைக் கேட்டால் விடை கிடைக்கும். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருப்பவள் அவள்.

2020-இல் கொரோனாக் காலத்தில் ஈரான் கரையில் சிக்கித் தவித்த நம் மீனவர்களையும் எண்ணிப் பாருங்கள். குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று குறிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை. ஆனால் பாஸ்போர்ட் எண்ணும் பெயரும் எழுதி, யார் எந்த ஊர் என்று பட்டியலிட முடிந்ததால், இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடியை அடைந்தது. கப்பல் ஏறுவதற்கும் பட்டியலில் பெயர் வேண்டும்.

சட்ட வழியும் குடும்பத்தைப் பிரிக்கத்தான் செய்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாதம் வந்து போகும் தகப்பனைக் கண்டு குழந்தை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிகிறது. பழகிச் சிரிக்கத் தொடங்கும் வாரத்தில் அவர் புறப்படுகிறார். மகனுக்கு மீசை அரும்புவதைக் கைப்பேசித் திரையில் காண்கிறார். மனைவியோ தகப்பனும் தாயுமாக நின்று, வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் அலைகிறார். அவர் எவரிடமும் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினால் ஊர் கணக்கெடுக்கிறது. நாம் ஊரை ஒன்றும் புதிதாகக் கண்டிக்கப் போவதில்லை. ஊர் எப்பொழுதும் அப்படித்தான். ஆனால் பங்குக் குடும்பங்களில், வெளிநாட்டிலிருப்பவரின் மனைவிக்குத் துணையாயிருக்க வேண்டிய உறவினர்களே ஒற்றர்களாக மாறுவதைக் கண்டு நாம் வருந்தியதுண்டு.

இரண்டாம் ஜான் பவுல் பாப்பரசர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய திருமடலில், பிழைப்புத் தேடிப் பிறநாடு செல்வதை ஒரு வகையில் தீமையென்றும், ஆனால் சில சூழல்களில் தவிர்க்க இயலாத தீமையென்றும் கருதினார். அப்படிச் செல்பவர் அந்நாட்டுத் தொழிலாளரை விடக் குறைந்த உரிமையுடையவராய் நடத்தப்படலாகாது என்பது அவர் கருத்து. தீமை என்று ஒப்புக்கொள்ளும் துணிவும், செல்பவனைக் குற்றவாளியாக்காத பரிவும் அதில் ஒருங்கே இருக்கின்றன.

இவ்விடத்தில் இன்னொன்றையும் கூற விரும்புகிறோம். குடும்பத்தைக் காக்கிறோம் என்று கூறி வழியை முற்றிலும் அடைத்துவிட்டால் நன்மை விளைந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. இலங்கையில் 2013-இல், சிறு குழந்தைகள் உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு செல்வதைத் தடுக்கும்பொருட்டு, குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வறுமை அறிக்கை கேட்டுக்கொண்டு நிற்பதில்லையே! சட்ட வழி மூடப்பட்ட பெண்களில் சிலர் தரகர்களை நாடிச் சுற்றுலா விசாவில் சென்றார்கள். தாயும் போனாள், பாதுகாப்பும் போயிற்று. 2022-இல் அவ்வரசு அந்த விதியைத் தளர்த்தியது. நம் நாட்டிலும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பெண்கள் 30 வயதுக்குள் வீட்டு வேலைக்குச் செல்லத் தடை உண்டு. தடையைக் குறை கூறுவதன்று நம் கருத்து. பூட்டிய கதவின் பக்கத்தில் எப்பொழுதும் ஒரு தரகன் நிற்பான் என்பதைத்தான் நினைவூட்டுகிறோம்.

நம் புதுச்சேரி மண்ணுக்கு இக்கதை புதியதன்று. அடிமை முறை 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் ஒழிக்கப்பட்டபின், ரெயூனியோன், மர்த்தினீக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதத்தில் மர்த்தினீக்கிற்கும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிற்கும் முதன்முதலாக நம்மவரைக் கொண்டு சேர்த்தது. குவாதலூப்பிற்கு மட்டும் சுமார் 42,000 பேர் சென்றதாகக் கணக்குண்டு. பிரெஞ்சுப் பகுதி சிறிது. தேவைப்பட்ட ஆட்களோ மிகுதி. பாகூரையும் வில்லியனூரையும் சுற்றிலும் அன்று ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காடு. ஒரு வரப்பைத் தாண்டினால் ஒரு ஆட்சி, அடுத்த வரப்பைத் தாண்டினால் வேறொரு ஆட்சி. தங்கள் குடிகள் ரெயூனியோனுக்குச் செல்வதை ஆங்கிலேயர் தடை செய்திருந்தமையால், ஆள்பிடிப்போர் ஆசை காட்டியும் ஏமாற்றியும் மக்களை இரவோடிரவாக எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். இன்றைய ஏஜெண்டின் முப்பாட்டன் அவன்.

பின்னர் 1860-இலும் 1861-இலும் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஐந்தாண்டு ஒப்பந்தம், திரும்பி வரக் கப்பற் பயணம், வாரத்தில் ஆறு நாள் வேலை, நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. கணவனை மனைவியிடமிருந்தும், பெற்றோரைப் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடமிருந்தும் பிரித்து வெவ்வேறு தோட்டங்களுக்கு அனுப்பலாகாது என்றும் இருந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன், கூலியாளை ஆளாகவே மதிக்காத காலத்தில், குடும்பம் என்ற சொல் ஒப்பந்தத்தில் ஏறியது என்பது வியப்புக்குரியது. எழுதியபடி எல்லாம் நடந்ததா? இல்லை. தொழிலாளர் படும் பாட்டைக் கேட்டு ஆங்கில அரசு 1882-இல் ரெயூனியோனுக்கும், 1888-இல் பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் எழுதியது மீறப்பட்டது என்று சொல்வதற்கேனும், எழுதியது ஒன்று இருக்க வேண்டுமல்லவா?

அத்தீவுகளில் இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். பலருக்குத் தமிழ் தெரியாது. பெயரில் மட்டும் பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதிய ஒரு தமிழ்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுள் சிலர், முன்னோர் இறங்கிய நாளில் தரப்பட்ட பதிவு எண்ணைக் கொண்டு, கப்பலின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாகத் தேடி, நம் ஊர்ப்பக்கம் வந்து போகிறார்கள். மறைத்துக் கொண்டுசெல்லப்பட்டவனின் பேரன் எதைக் கொண்டு தேடுவான்? அவனுடைய பாட்டனார் எந்த ஊர்க்காரரென்று எழுதப்பட்டாரோ, யார் அறிவார்!

நம் புதுவையிலேயே வேறுவகை உதாரணமும் உண்டு. வயதான வாசகர்கள் ‘சொல்தா வீடு’ என்றால் புன்னகைப்பார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று கடல் கடந்தவர்கள் அவர்கள். சுட்டெரிக்கும் போர்க்களங்களுக்குச் சென்றவர்களே. ஆயினும் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் இருந்தது. கணவர் மறைந்தபின்னும் விதவைக்கு ஓய்வூதியம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் ஒரு தாளில் கையெழுத்திட்ட வீட்டிற்கும் இடாத வீட்டிற்கும் இடையே இன்றுவரை நிலவும் வேற்றுமையைப் புதுவையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்து வீடுகள்தாம். சொந்த அண்ணன் தம்பிகளாகவும் இருப்பார்கள்.

ஆகவே நண்பரின் வினாவுக்கு நாம் தந்த விடை இதுதான்: இரு வீடுகளிலும் தகப்பன் இல்லை என்பது மெய். ஒரு வீட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. மற்றொரு வீட்டில் கேட்பதற்கு இடமே இல்லை. பிரிவை இரண்டு பெண்களும் சுமக்கிறார்கள். இரண்டாமவள் அதற்கு மேல், யாரிடமும் வினவ முடியாத மௌனத்தையும் சுமக்கிறாள். காகிதம் போகின்றவனுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் வீட்டில் இருப்பவளுக்கே அது மிகவும் வேண்டியிருக்கிறது. நண்பர் சற்று நேரம் பேசாமல் நடந்துவிட்டு, “அப்படியானால் அந்த அம்மாவுக்கு இப்போது என்ன செய்வது?” என்றார். அவர் கேட்டது நியாயம். பத்திரிகைக்குக் கட்டுரை கிடைத்துவிட்டது என்று நாம் வீடு திரும்புவது முறையன்று.

அடுத்த ஞாயிறு மாலை மீண்டும் பனித்திட்டுக்குச் சென்றோம். துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திற்கு ஒரு மனு எழுதவும், வெளிநாட்டில் அல்லலுறுவோருக்காக வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘மதத்’ என்னும் இணைய முறையீட்டில் பதியவும் எண்ணம். முறையற்ற வழியில் சென்றவராயினும் இந்தியக் குடிமகன் குடிமகனே. தேடிப் பார்க்கவும், வெளியேற வழி செய்யவும் தூதரகத்திடம் கோரலாம். இதை அறியாமல், “நாமே தப்புப் பண்ணிட்டோமே, எந்த முகத்தோட போய்க் கேக்கறது?” என்று வாய் மூடிக் கிடக்கும் குடும்பங்கள் பல. கேட்க வேண்டும், கேட்கலாம்.

திண்ணையில் அமர்ந்து எழுதத் தொடங்கினோம். பெயர் எழுதினோம். தகப்பனார் பெயர் எழுதினோம். புறப்பட்ட நாள், விமான நிலையம், ஏஜெண்டின் எண் ஆகியவற்றை எழுதினோம். பாஸ்போர்ட் எண்ணில் வந்து நின்றோம். அது தெரிந்தால்தான் தூதரகம் ஒருவரை எளிதில் தேட இயலும். அந்த அம்மாள் அடகுக் கடைச் சீட்டு, மருந்துச் சீட்டு, பழைய தீபாவளிச் சீட்டு அட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து நம் முன் கொட்டினார். ஒன்றிலும் இல்லை. ஏஜெண்டிடம் நகல் இருக்கலாம்; அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்திற்கு விண்ணப்பித்துப் பெற வேண்டியதுதான் என்று நாம் கூறிக்கொண்டிருந்தோம்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே சென்று ஒரு பழைய கணக்கு நோட்டுடன் வந்தான். அதன் பின்னட்டையின் உட்புறத்தில், பென்சிலால், ஓர் எழுத்தும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருந்தன.

“அப்பா போற அன்னிக்கு ராத்திரி, அவரு தூங்குனப்புறம் பையைத் தொறந்து பாத்து எழுதி வச்சேன்” என்றான்.

“எதற்காக எழுதினாய், தம்பி?” என்றோம்.

“தெரியல ஐயா. சும்மாத்தான்.”

அவன் ஒவ்வொன்றாக வாசித்தான். நாம் மனுவில் எழுதிக்கொண்டோம்.